பூட்டுங்கள், ஆனால் முதலில் ஆளுக்கொரு லாகின் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திக்கொண்டதால் பல அலுவலகங்களில் பழைய கணினிகளைத் தூக்கிவிட்டுப் புதிது வைக்கிறார்கள். புதுக் கணினி வந்த கையோடு ஒரு சுற்றறிக்கையும் வருகிறது. இனி யாரும் சொந்தமாக எந்த மென்பொருளும் போடக்கூடாது, பென்டிரைவ் செருகக்கூடாது, டெஸ்க்டாப்பில் எதையும் மாற்றக்கூடாது, எல்லாக் கணினியும் ஒரே மாதிரிதான் இருக்கும். கையெழுத்து, முத்திரை, நகல் அனைத்துப் பிரிவுகளுக்கும்.

கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஆடிட்டர் அலுவலகம், தனியார் கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் என்று பல இடங்களுக்குப் போய்வருகிறேன். இந்தச் சுற்றறிக்கைக்கு நான் எதிரி இல்லை, சொல்லப்போனால் அது பத்து வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். என் குறை வேறு. பூட்ட வேண்டியதைத் திறந்து போட்டுவிட்டு, பூட்டத் தேவையில்லாததை எல்லாம் பூட்டிவைத்து, பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

ஒரு அலுவலகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். எல்லாத் திரையிலும் நிறுவனத்தின் முத்திரை போட்ட ஒரே நீல வால்பேப்பர். வலது கிளிக் வேலை செய்யாது, கன்ட்ரோல் பேனல் திறக்காது, பென்டிரைவ் போட்டால் அனுமதி இல்லை என்று வரும். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஆனால் கணினியைத் திறந்ததும் வருவது ஒரே ஒரு பெயர், 'ஆபீஸ்'. தபால் பிரிவில் இருப்பவரும் அதில்தான் நுழைகிறார், கேஷியரும் அதில்தான், மாலையில் பாடத்திட்டம் அச்சடிக்க வரும் கண்காணிப்பாளரின் மகனும் அதில்தான். பாஸ்வேர்டு அலுவலகத்தின் பெயரும் 123-உம். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே செலோடேப் போட்டு ஒட்டியும் வைத்திருந்தார்கள், வெயிலில் மை மங்கியதால் மேலே ஸ்கெட்ச் பேனாவால் இன்னொரு தடவை எழுதி! அந்தக் கணக்கு அட்மின் கணக்கு, அதாவது கணினியில் எதையும் போடவும் மாற்றவும் முழு அதிகாரம் உள்ள கணக்கு என்பதை நான் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன.

அங்கே ஒரு பில் கோப்பு காணாமல் போனது. யார் அழித்தார்கள்? விண்டோஸின் பதிவைத் திறந்து பார்த்தால் 'ஆபீஸ்' உள்ளே வந்தார், 'ஆபீஸ்' வெளியே போனார், அவ்வளவுதான். கடைசியில் அந்த மேஜைக்கு அருகில் உட்காரும், நிரந்தரம் ஆகாத பெண் ஊழியரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் செய்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பொது லாகின் இருக்கும் இடத்தில் பழி எப்போதும் கடைநிலையில் இருப்பவர் தலையில்தான் விழும். தனி லாகின் என்பது ஊழியரை வேவு பார்க்கிற ஏற்பாடு என்று சில சங்கத் தோழர்கள் சொல்கிறார்கள், அவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். 'நான் செய்யவில்லை' என்று காட்ட அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்கக்கூடிய ஒரே சாட்சி ஒரு தனி லாகின்தான்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவில், நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவம் நடந்தால் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. 180 நாளும் 'ஆபீஸ்', 'ஆபீஸ்' என்றே இருக்கும் பதிவை வைத்துக்கொண்டு யார் என்ன கண்டுபிடிப்பது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவும் இருக்கிறது. அடுத்தவர் பாஸ்வேர்டையோ மின்னணுக் கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மேலதிகாரியே கொடுத்த பாஸ்வேர்டில் வேலை பார்ப்பது மோசடி ஆகாதுதான், ஆனால் ஏதாவது ஏடாகூடமாக ஆனபிறகு 'சார்தான் கொடுத்தார்' என்பதை யார் போய் நிரூபிப்பது?

மேலதிகாரிகள் விஷயம் தனி. அலுவலகத்தில் அதிகம் கைமாறும் லாகின் அவர்களுடையதுதான். 'தம்பி, என் லாகின்ல போய் அந்த ஃபைலை மூவ் பண்ணிடுப்பா' என்பது தினசரி வசனம். பென்டிரைவ் போல இருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எப்போதும் உதவியாளர் கணினியிலேயே செருகியிருக்கும், அதன் பின் நம்பர் மேஜைக் காலண்டரின் பின்பக்கம் இருக்கும். பேனாவையும் செக் புத்தகத்தையும் அப்படி விட்டுவிட்டுப் போவார்களா? 2018-இல் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளிவந்தபோது, வங்கிகள் பணப் பரிமாற்றத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் பாஸ்வேர்டுகள் கைமாறிய கதைதான் நாளிதழ்களில் நாள் கணக்கில் வந்தது. படித்தோம், அப்புறம் மறந்துவிட்டோம்.

அடுத்தது அட்மின் உரிமை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் 'எனக்கு மட்டும் அட்மின் கொடுங்க, நான் கவனமா இருப்பேன்' என்று கேட்கிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அவர்களுக்குத்தான் கிடைத்தும் விடுகிறது. நீங்கள் அட்மினாக நுழைந்திருக்கும்போது ஒரு தப்பான இணைப்பைத் திறந்தால், அதன் வழியாக நுழையும் நிரலும் உங்கள் அதிகாரத்தோடு ஓடும். அனுமதி கேட்டுப் பெட்டி வந்தாலும் 'எஸ்' கொடுத்துப் பழகிய விரல் கொடுத்துவிடும். ஆன்டிவைரஸை நிறுத்தலாம், எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்து உட்கார்ந்துகொள்ளலாம், சேமித்திருக்கும் மற்ற பாஸ்வேர்டுகளைக் கிளறலாம். சாதாரணப் பயனர் கணக்கில் அந்த நிரல் நுழைந்தால் கேடு பெரும்பாலும் அந்த ஆளின் கோப்புகளோடு நிற்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். அவர் கணக்கிலிருந்து எழுத முடிகிற பொது ஃபோல்டர் எல்லாவற்றையும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டிவிடும், அதற்கு அட்மின் உரிமை தேவையே இல்லை. அதனால்தான் சர்வரில் எல்லா ஃபோல்டரையும் எல்லோருக்கும் திறந்து வைக்காதீர்கள் என்று கத்துகிறோம். சம்பளப் பிரிவுக்காரருக்குத் தபால் ஃபோல்டரில் எழுதும் உரிமை எதற்கு?

ஆபீஸ் கணினியில் அப்படி என்ன பெரிய ரகசியம் இருக்கிறது என்று கேட்பார்கள். கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2019-இல் அங்கே தீநிரல் புகுந்ததாகச் செய்தி வந்தபோது முதலில் மறுத்தார்கள், மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது அணு உலையை இயக்கும் கணினி இல்லை. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு பயனரின் கணினி. உலைக்கான வலையமைப்பு தனியாகப் பிரிந்திருந்ததால் அதுவரை போகவில்லை என்று சொன்னார்கள். நம் எல்லார் மேஜையிலும் இருக்கிற மாதிரி ஒரு கணினிதான் அது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன், 2017 மே மாதம் வானாகிரை என்ற ரான்சம்வேர் வந்தபோதும் அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்ட கணினிகள்தான் மாட்டின. பத்துக் கணினி பத்து விதமாக இருக்கும் அலுவலகத்தில் எதில் போட்டோம், எதில் போடவில்லை என்று கணக்கு வைப்பதே முடியாத காரியம்.

ஒரே மாதிரி வைப்பதன் லாபம் இங்கேதான். ஒரே விண்டோஸ், ஒரே ஆபீஸ் தொகுப்பு, ஒரே பிரவுசர், ஒரே பிரிண்டர் டிரைவர். ஒரு கணினி படுத்துவிட்டால் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்து, அவர் லாகினில் நுழைந்ததும் அவர் வேலையைத் தொடரலாம். ஆனால் இதற்கு டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் சர்வரில் இருக்கவேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை. நம் மக்கள் எல்லாக் கோப்பையும் டெஸ்க்டாப்பில்தான் வைக்கிறார்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'சார் கேட்டது', 'நியூ ஃபோல்டர் 3' என்று திரை முழுக்க, வால்பேப்பரே தெரியாத அளவுக்கு. ஃபார்மட் அடிக்கிறவர் டி டிரைவை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டு சி டிரைவை அழிப்பார். டெஸ்க்டாப் இருப்பது சியில். தனி லாகின் கொடுக்கும்போதும் இதே கூத்துதான். புதுப் பெயரில் நுழைந்ததும் காலியான திரையைப் பார்த்துவிட்டு 'எல்லாம் போச்சு' என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு, பழைய கணக்கின் ஃபோல்டரில் எல்லாம் அப்படியே இருக்கும். அதை எடுத்துப் புது இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு அல்லவா பழைய கணக்கை மூட வேண்டும்?

அப்புறம் தமிழ். வெளியூர் நிறுவனம் ஒன்று தயார்செய்து கொடுத்த 'ஸ்டாண்டர்டு' அமைப்பை அப்படியே போட்டுவிட்டுப் போன இடங்களில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இதுதான், இதைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையிலும் ஒரு வரி இருக்காது. நம் அலுவலகங்களில் வானவில் அவ்வையார், பாமினி என்கிற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் மலை மலையாகக் கிடக்கின்றன. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். அறிவித்தால் பழைய கோப்புகள் தானாக மாறிவிடுமா? புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை என்றால், போன மாதம் வரை தமிழாக இருந்த கோப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து நிற்கும். எழுத்துருவை எல்லாப் பயனருக்கும் சேர்த்துப் போட அட்மின் உரிமை வேண்டும். சாதாரணக் கணக்கில் தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம், புது விண்டோஸில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் அது பக்கத்து மேஜைக்காரருக்கு உதவாது.

விசைப்பலகை அதைவிடப் பெரிய தலைவலி. 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே கிடைக்கிறது, நல்லது. ஆனால் மூத்த தட்டச்சர்கள் லோயர், ஹையர் எழுதித் தேறியது தட்டச்சு இயந்திரத்தின் விசை அமைப்பில். இருபத்தைந்து வருடமாக விரல் அந்த வழியிலேயே ஓடுகிறது. இதுவரை அவர்கள் அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றைப் போட்டு, பழைய விசை அமைப்பைத் தேர்ந்தெடுத்து, யூனிகோடில் சுகமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். புது ஏற்பாட்டில் 'அனுமதி இல்லாத மென்பொருள்' என்று அது போய்விட்டது. பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுகிற ஒரு அம்மா, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பொறுக்கமாட்டாமல் அவர் என்ன செய்தார் தெரியுமா? பரணில் போட்டிருந்த பழைய விண்டோஸ் 7 கணினியை இறக்கிவைத்து, அதில் அடித்து, கோப்பைத் தன் செல்போனுக்கு ஏற்றி, வாட்ஸ்அப்பில் கண்காணிப்பாளருக்கு அனுப்பினார். பாதுகாப்புக்காகச் செய்த பூட்டு, பல வருடம் அப்டேட் இல்லாத கணினியை மறுபடி உயிர்ப்பித்துவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாலைக்குள் கடிதம் போக வேண்டும் என்று சொன்னது அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே அதிகாரிதான்.

ஆகவே பூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மேஜையிலும் அரைநாள் உட்காருங்கள் என்கிறேன். எந்த எழுத்துரு, எந்த விசை அமைப்பு, எந்த ஸ்கேனர், எந்த டோக்கன், எந்த இணையதளம் என்று எழுதி வாங்குங்கள். அதையெல்லாம் உள்ளே வைத்துத் தயார்செய்த பிறகு கதவைச் சாத்துங்கள்.

பென்டிரைவ் தடையும் இப்படித்தான். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்பதைப் பார்க்காத அலுவலகம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது, அதனால் தடை சரிதான். ஆனால் கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் போய் யுஎஸ்பி செருகுவாய்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் சாகும், கைரேகைக் கருவியும் சாகும், சில இடங்களில் கீபோர்டே சாகும். சேமிப்புக் கருவிகளை மட்டும் தடுக்க விண்டோஸின் குழுக் கொள்கை (குரூப் பாலிசி) அமைப்பிலேயே வழி இருக்கிறது. அப்போதும் ஒரு வில்லங்கம் உண்டு. சில டோக்கன்கள் தங்கள் டிரைவரை ஒரு சிடி டிரைவ் போல நடித்துக் காட்டும், தடை அதையும் பிடித்துக்கொள்ளும். டிரைவரை முன்கூட்டியே அட்மின் போட்டுவைத்தால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை, தெரியாவிட்டால் இரண்டு நாள் சம்பளப் பட்டியல் நிற்கும்.

30 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்று என்கிற விதியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு 2017-லேயே, காரணம் இல்லாமல் நாள் வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. மைக்ரோசாஃப்டும் 2019-இல் தன் பரிந்துரைப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. இங்கே நடப்பது என்ன? பெயரோடு மாதத்தைச் சேர்ப்பார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஒன்றைப் பார்த்தால் டிசம்பர் வரை சொல்லிவிடலாம். பாட்டி ஊரையும் பிடித்த பலகாரத்தையும் இன்னும் சம்பந்தமில்லாத இரண்டு சொற்களையும் சேர்த்து நீளமாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கசிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

வால்பேப்பரைப் பற்றி இவ்வளவு கோபம் எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை. குழந்தை படத்தாலும் முருகர் படத்தாலும் வைரஸ் வராது. பொதுமக்கள் பார்க்கிற கவுன்டரில் நிறுவனத்தின் முத்திரை இருக்கட்டும், மற்ற இடத்தில் அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். அந்தச் சின்ன விஷயத்தை விட்டுக்கொடுத்தால் தனி லாகினுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள், இது என் அனுபவம். கவுன்டரில் ஐந்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்துவது இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

மாற்றலாகிப் போனவர், ஓய்வுபெற்றவர், ஒப்பந்தம் முடிந்தவர் ஆகியோரின் கணக்குகளை அன்றைக்கே முடக்க வேண்டும். சாவி, அடையாள அட்டை, நூலகப் புத்தகம் எல்லாம் திருப்பி வாங்குகிற 'நிலுவை இல்லை' படிவத்தில் லாகினுக்கு ஒரு கட்டம் போட்டால் போதும். பிரிவு உபச்சார விழா முடிந்து வருடக் கணக்கில் ஆனவர்களின் பெயர்கள் லாகின் பட்டியலில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சில சமயம் அந்தப் பெயரில்தான் புதிதாக வந்தவர் வேலையே பார்க்கிறார், புதுக் கணக்குக்கு எழுதிப்போட்டது வரவில்லை என்பதால்.

கடைசியாக மென்பொருள் விற்கிறவர்கள். இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பாதிப் பூட்டுகளை உடைப்பது இவர்கள்தான். கட்டண வசூல், கணக்கு, வருகைப்பதிவு என்று எதையாவது வாங்கியிருப்பார்கள். சாதாரணக் கணக்கில் அது ஓடாது. ஃபோன் போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து 'அட்மின் ரைட்ஸ் குடுத்துடுங்க சார், இல்லன்னா வராது' என்று பதில் வரும், கூடவே தூரத்திலிருந்தே கணினிக்குள் நுழைய எனிடெஸ்க் நம்பரும் கேட்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் ரொம்பச் சின்னது. மென்பொருள் தன் தரவுகளைத் தன் நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதப் பார்க்கும், அங்கே எழுத சாதாரணப் பயனருக்கு உரிமை கிடையாது. அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தால் ஓடிவிடும், ஒழுங்காக எழுதிய மென்பொருளுக்கு அதுகூடத் தேவைப்படாது. அதைச் செய்ய சோம்பல்பட்டுத்தான் முழுக் கணினியையும் திறந்து கேட்கிறார்கள்.

அமெரிக்க மத்திய அரசு 2007-இல் தன் அலுவலகங்களின் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா கணினிகள் எல்லாம் 2008 பிப்ரவரிக்குள் ஒரே அமைப்புக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டது. அவர்களின் விமானப்படை முன்பே செய்து பார்த்த ஏற்பாடு அது. அந்த உத்தரவோடு நிற்காமல், அரசுக்கு விற்கும் மென்பொருள் சாதாரணப் பயனர் கணக்கிலேயே ஓடும் என்று விற்கிறவர் சான்று தர வேண்டும் என்ற வரியை டெண்டர்களில் சேர்க்கவும் பரிந்துரைத்தார்கள். நம் ஊரில் டெண்டர் விடுகிறவர்கள் அதே மாதிரி ஒரு வரி சேர்க்கட்டும், அட்மின் உரிமை கேட்டால் பில் பாஸ் ஆகாது என்று. மென்பொருளை ஒப்படைக்கிற நாளில் கம்பெனி ஆளைத் தன் லேப்டாப்பில் ஓட்டிக் காட்ட விடாமல், அலுவலகத்தின் தட்டச்சர் லாகினில் உட்காரவைத்து ஒரு ரசீது போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் செக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பு ஊழியர் ஒருவர்,
மதுரை.